ஜோசியக் கார்டும் மைனாவதியின் கையும்

புதுக் கம்ப்யூட்டரை வாங்கிய ஒன்பதாம் நாளே ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே முகம்தான். ‘நான் ஒண்ணுமே பண்ணலீங்க’ என்கிற முகம். திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒன்றுமே பண்ணாத ஒரு ஆளை இன்னும் பார்த்ததில்லை. ஒருத்தர் கேபிளைப் பாதிதான் சொருகியிருப்பார். இன்னொருத்தர் ஃபேன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை, அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று உரிக்காமலே ஓட்டியிருப்பார்.

யுகேந்திரனும் அந்த முகத்தோடுதான் வந்தான். இருபத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்த புது கேமிங் கம்ப்யூட்டர்.

“விளையாட ஆரம்பிச்சு இருவது நிமிஷம்கூட ஆகறதில்லீங்க்கா. ஸ்கிரீன் கறுப்பாயிருது. ஃபேன் மட்டும் ஊய்ங்குன்னு கத்துது. அப்புறம் தானா ரீஸ்டார்ட் ஆயிருது.”

“நீ என்ன பண்ணினே?”

“ஒண்ணுமே பண்ணலீங்க்கா.”

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஜோசியக் கார்டு. கம்பெனி வைத்த பெயர் வேறு. நாலு எழுத்தும் நாலு எண்ணும் சேர்ந்த அது யார் வாயிலும் நுழையாது. விளையாட்டுப் பையன்கள் வைத்த பெயர்தான் நின்றுவிட்டது. சாதாரண கிராபிக்ஸ் கார்டு, நீங்கள் மவுஸை நகர்த்தியபிறகு படம் வரையும். இது உங்கள் கை அடுத்து எங்கே போகும் என்று கணித்து, போவதற்கு முன்பே வரைந்து வைத்துக்கொள்ளும். கணிப்பு பலித்தால் அந்தப் படம் அப்படியே திரைக்கு வரும். பலிக்காவிட்டால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வரையும். இப்போதெல்லாம் பந்தயம் விளையாடுகிற பையன்கள் வேறு கார்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

“அடுத்த வாரம் சனிக்கிழமை கோயமுத்தூர் கேமிங் டீமுக்கு ஆன்லைன்ல ஆள் எடுக்கறாங்க்கா. அஞ்சே பேருதான். எட்டு வருஷமா அதுக்கோசரம்தான் பழகிட்டு இருக்கறேன்.”

அன்று வியாழக்கிழமை. இடையில் ஒன்பது நாள் இருந்தது. கார்டு பிரச்சினையெல்லாம் எனக்கு ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். எனக்கு என்னைப் பற்றி எப்போதும் நல்ல அபிப்பிராயம்தான்.

முதலில் கார்டை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை முழுசாகக் கழுவிவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஸ்கிரீன் கறுத்தது. கார்டுக்குப் போகிற மின்சாரம் ஒரே கேபிளிலிருந்து இரண்டாகப் பிரிந்து போனது. அப்படிப் போடக்கூடாது, தனித்தனியாக இரண்டு கேபிள் போட்டேன். கறுத்தது. பவர் சப்ளையையே மாற்றி என்னுடையதைப் போட்டேன், மெமரியைக் கழற்றிச் சுத்தம் செய்து வேகத்தைக் குறைத்தேன், கார்டை வேறு ஸ்லாட்டில் மாட்டினேன், சூடு பார்த்தேன். சூடு அறுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை; அந்த மதியம் என் தலையே அதைவிடச் சூடாக இருந்தது. எல்லாவற்றுக்கும் பிறகு யுகேந்திரன் உட்கார்ந்தான், பதினெட்டு நிமிஷத்தில் கறுத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனை புரோகிராமை ஓடவிட்டேன். கார்டை நார் நாராகக் கிழிக்கிற புரோகிராம் அது. மாலை ஆறு வரைக்கும் கல்லுப்போல ஓடியது. அதாவது கார்டில் பழுதில்லை. ‘பாத்தியாடா’ என்று நானே உட்கார்ந்து விளையாடினேன். ஏழு நிமிஷத்தில் கறுத்தது. பிரின்டர் வாங்கிப் போக வந்த ஆடிட்டர் ஒருவரைக் கெஞ்சி உட்காரவைத்தேன். அறுபத்தைந்து வயது, வாழ்க்கையில் விளையாட்டே பார்க்காதவர். அவருக்கு மூன்று நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மனுஷன் உட்கார்ந்தால் படுத்துக்கொள்கிறது, யாரும் தொடாவிட்டால் நன்றாக ஓடுகிறது. இப்படி ஒரு நோயை நான் பார்த்ததில்லை, எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. கழுத்தில் பனியன் கம்பெனி அடையாள அட்டை, புடவையில் அங்கங்கே நூல் பிசிறு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“யுகேந்திரனோட அம்மாங்க. மைனாவதி. ஓவர்லாக் டெய்லரா இருக்கறேன்.”

“பையனுக்கு நாளைக்குள்ள சரி பண்ணித் தர்றேன்னு சொல்லுங்கக்கா.”

“அது நீங்க பண்ணிருவீங்க. நான் வேற ஒண்ணு கேக்கோணும்.” வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என்ற கையாலதான் அது இப்பிடி ஆச்சுங்களா? அதை மட்டும் சொல்லிருங்க அம்மிணி.”

எனக்குப் புரியவில்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் வேலை பார்க்கிற கம்பெனியில் புது மெஷின் வந்தால் முதல் பீஸை மைனாவதிதான் தைக்க வேண்டும். முதலாளியில் இருந்து மெக்கானிக் வரைக்கும் அதில் ஒரே பேச்சு. மைனாவதி கைராசிக்காரர், அவர் தொட்டு ஆரம்பித்த மெஷின் மக்கர் பண்ணாது. பதினாறு வருஷம் அப்படி நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவர் போய்ச் சேர்ந்தார். அடுத்து ஒரு மெஷின் இறங்கியபோது சூப்பர்வைசர் வேறு ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். யாரும் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் ஒன்றும் கேட்கவில்லை.

“போன வாரம் இவன் புதுசு வாங்கிட்டு வந்து, நீதான் மொதல்ல ஆன் பண்ணோணும்னு ஒத்தைக்கால்ல நின்னான். எங்க நங்கை, ருக்மணி, பக்கத்துப் போர்ஷன்ல இருக்கறாங்க. என்ற ஊட்டுக்காரரோட அக்கா. அவங்க முன்னாடியே பட்டனை அமுத்தச் சொன்னான். நானும் அமுத்திப்போட்டேன். மக்யா நாளே இப்பிடி ஆயிருச்சு. தாலியறுத்தவ கையை வெச்சா வேற என்ன ஆகும்னு நங்கை சொல்லிட்டாங்க. யுகி அவங்ககிட்டச் சண்டைக்குப் போயிட்டான்.” அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். “அவன் எட்டு வருஷமா இதுக்குப் பாடுபட்டிருக்கறானுங்க. என்னால கெட்டுச்சுன்னா நான் இனி எதையும் தொடாம இருந்துக்குவேன்.”

எனக்கு வந்த கோபத்தில் அந்த ருக்மணி மட்டும் எதிரில் இருந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரோடு பேசியிருப்பேன். “அக்கா, இது கரண்ட்டுல ஓடற சாமான். இதுக்கு ராகுகாலமும் தெரியாது, தாலியும் தெரியாது. உங்க கைக்கும் இந்தப் பழுதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுதித் தரவா?”

சும்மா சொல்லவில்லை, எழுதியே கொடுத்தேன். கடைப் பெயர் போட்ட தாளில், ‘திருமதி மைனாவதி அவர்களின் கைக்கும் இந்தக் கம்ப்யூட்டரின் பழுதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று எழுதி, ‘கோகிலவாணி’ என்று கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவர் போனபிறகு எழுதிவைத்த நேரங்களைத் திரும்பப் பார்த்தேன். யுகேந்திரனுக்குப் பதினெட்டு நிமிஷம். எனக்கு ஏழு. ஆடிட்டருக்கு மூன்று. இரண்டு நாளாகக் கண் முன்னால் கிடந்தது, நான்தான் பார்க்கவில்லை. கை எவ்வளவு மெதுவோ அவ்வளவு சீக்கிரம் படுத்துக்கொள்கிறது. கார்டு நம் கையைப் பார்த்து ஏமாந்து போகிறது. அப்படியென்றால் அது வேறு ஏதோ கையை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

யாரும் படிக்காத கையேட்டை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கார்டு முதல் முதலாக ஓடும் பத்து நிமிடத்தில் யார் கையைப் பார்க்கிறதோ, அதைத்தான் அஸ்திவாரமாக வைத்துக்கொள்ளும். பிறகு பழகுவதெல்லாம் அதன் மேல்தான். ஆகவே முதல் பத்து நிமிடம் கம்ப்யூட்டரின் உரிமையாளர் மட்டுமே உட்காரவும்.

யுகேந்திரனுக்குப் போன் போட்டேன். “உங்கம்மா பட்டனை மட்டும் அமுத்தினாங்களா, உக்காந்து விளையாடினாங்களா?”

“உக்காந்தாங்க்கா. சும்மா பட்டனை அமுத்திட்டு எந்திரிச்சா எப்படின்னு, குறி பழகற பயிற்சியை வெச்சுக் கொடுத்தேன். திரையில கலர் உருண்டை வரும், வரவர மவுஸால தொடோணும். ஒரு பத்து நிமிஷம் விளையாடினாங்க. அத்தை ஏற்கெனவே பேசறது போதாதுன்னுதான் உங்ககிட்டச் சொல்லலீங்க்கா.”

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். ராசி, தோஷம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட நான் முத்திரை குத்திக் கொடுத்த தாள் பொய், ருக்மணி சொன்னது உண்மை. அந்தக் கை பட்டதால்தான் கம்ப்யூட்டர் கெட்டது.

சரிபண்ணுவது சுலபம்தான். கார்டின் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘முதல் கையை அழிக்கவா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ஆமாம் என்று தட்டிவிட்டு யுகேந்திரனை உட்காரவைத்தால் முடிந்தது. அழித்தது திரும்ப வராது, நகல் எடுக்கவும் வழியில்லை என்று அடியில் எச்சரிக்கையும் இருந்தது. பவர் சப்ளை கோளாறு என்று சொல்லி அனுப்பிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. விரலைக் கொண்டுபோனேன். அப்படி என்ன கைதான் அது என்று ஒரு ஆசை வந்தது. பதிவைத் திறந்து எண்களைப் பார்த்தேன், பிறகு அந்தப் பட்டனைத் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரையும் கடைக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். மைனாவதியின் முகத்தைப் பார்த்ததும் என் தைரியம் போய்விட்டது.

“பவர் சப்ளைங்க்கா,” என்றேன். “அதுலதான் கோளாறு.”

அவர் என்னையே பார்த்தார். “எங்க கம்பெனி மெக்கானிக்கும், மெஷின்ல என்னன்னு தெரிஞ்சும் சொல்லப் பிடிக்கலைன்னா இப்படித்தானுங்க மேசையைப் பாத்துட்டே பேசுவான். உள்ளதைச் சொல்லுங்க அம்மிணி.”

சொன்னேன். முதல் கையை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். “அப்ப இது பொய்யாப்போச்சுங்களே. நங்கை சொன்னதுதான் சரி.” செருப்பை மாட்டிக்கொள்ளத் திரும்பினார்.

“அக்கா, பாதியைத்தான் சொல்லியிருக்கேன். மீதியையும் கேட்டுட்டுப் போங்க.” என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “புது டெய்லர் வந்தா மெஷின்ல என்ன பண்ணுவீங்க?”

“வேகத்தைக் குறைச்சு வெச்சுக் கொடுப்போம்.”

“குறைக்காம, உங்க வேகத்துலயே வெச்சுக் கொடுத்தா?”

“துணியை இழுத்துட்டுப் போயிரும். நூல் அறுந்து, மெஷின் அடைச்சுக்கும்.”

“அதேதான் இங்கயும். இது முதல்ல பாத்தது உங்க கையை. எல்லாரு கையும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டுது. உங்க வேகத்துக்கு முப்பது படம் முன்னாடியே வரைஞ்சு வெச்சுட்டுக் காத்துட்டு இருக்குது. உங்க பையன் கை பத்துப் படத்துக்குத்தான் வருது. மீதி எல்லாம் குப்பை. தூக்கிப்போட்டுட்டு மறுபடி வரையுது. குப்பை சேந்து சேந்து மூச்சு முட்டி நின்னு போகுது. எனக்கெல்லாம் ஏழே நிமிஷத்துல குப்பை ரொம்பிருச்சு.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பிடிவாதமாக நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உக்காருங்க. நீங்க விளையாடியும் இது படுத்துக்கிட்டா, இந்தத் தாளை நானே உங்க நங்கைகிட்டக் கொண்டுபோய்க் கிழிச்சுப் போட்டு மன்னிப்புக் கேக்கறேன்.”

உட்கார்ந்தார். யுகேந்திரன் பயிற்சியைப் போட்டுக் கொடுத்தான். முதல் ஒரு நிமிஷம் கூச்சத்தில் கை தயங்கியது. பிறகு முதுகு நிமிர்ந்தது, தோள் இறங்கியது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. உருண்டைகள் தோன்றத் தோன்றக் காணாமல் போயின. சில உருண்டைகள் தோன்றியதையே நான் பார்க்கவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று, நாற்பது ஆயிற்று. ஃபேன் சத்தமே இல்லை. கார்டு அத்தனை நாளும் இந்தக் கைக்குத்தான் காத்திருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து நான் நிறுத்தச் சொன்னேன். திரையில் இரண்டு கோடு போட்டுக் காட்டினேன், தயக்கம் தீர்ந்த முதல் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, கடைசி ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. வேகமான கை உலகத்தில் எவ்வளவோ இருக்கலாம். களைக்காத கை, முதலில் எப்படியோ கடைசியிலும் அப்படியே இருக்கிற கை, அதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“அந்த மூலையில உருண்டை வரும்னு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்றான் யுகேந்திரன்.

“தெரியலைடா. கை போச்சு.”

அவன் வெளியே போனான். அவன் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. எட்டு வருஷம் பழகியவன். சொந்த அம்மா பத்து நிமிஷத்தில், விளையாட்டு என்று தெரியாமலே, அவனைத் தாண்டிப் போய்விட்டார். பெருமையும் பொறாமையும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷன் வெளியேதான் போவான். கொஞ்ச நேரம் கழித்து மூன்று டீயோடு வந்தான்.

“வாணியக்கா, அழிக்க வேண்டாங்க்கா.”

“சனிக்கிழமை?”

“உங்க கடைக் கம்ப்யூட்டர்ல விளையாடிக்கறேன்.”

“அது பழைய கார்டுடா. ஜோசியமெல்லாம் பாக்காது. ஒரு இழை பின்னாடிதான் வரும்.”

“பரவாயில்லீங்க்கா.”

மைனாவதி சண்டை போட்டார். “கிறுக்கா உனக்கு, இத்தனை வருஷப் பாடு, என்ற கையை அழிச்சா என்ன கொறஞ்சு போச்சு.” அவன் டீயைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். “அத்தை சொல்லுதுன்னு உன்ற கையை அழிச்ச மாதிரி ஆயிரும். நான் மாட்டேன்,” என்றான். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பிரின்டர் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோலப் போனேன்.

சனிக்கிழமை என் கடையிலிருந்துதான் விளையாடினான். ஐந்து பேரை எடுத்தார்கள், இவன் ஆறாவதாக வந்தான். மாற்று ஆளாகப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். புதுக் கார்டு இருந்திருந்தால் ஐந்துக்குள் வந்திருப்பானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் கொடுத்த விலை அதுதான்.

அடுத்த வாரம் நான் கார்டு கம்பெனிக்கு நீளமாக ஒரு புகார் எழுதினேன். முதல் பாதி முழுக்கத் திட்டு. இவ்வளவு முக்கியமான விஷயத்தை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எவனாவது போடுவானா என்று கேட்டிருந்தேன். இரண்டாம் பாதியில் மைனாவதியின் பதிவை இணைத்திருந்தேன். நாலாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினார். மெஹருன்னிசா, வாணியம்பாடிக்காரர், கார்டின் கணிப்புப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற இஞ்சினியர்.

“மேடம், நீங்க அனுப்பின பதிவு எந்த ரோபோ கையில எடுத்தது?”

“ரோபோ இல்லைங்க. ஓவர்லாக் டெய்லர். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து உக்காந்தாங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. “எங்ககிட்ட நாலாயிரம் பேரு கை இருக்கு மேடம். அத்தனையும் இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கற பசங்க கை. கேமிங் கார்டுன்னா அவங்கதான்னு நெனச்சுட்டோம். இதைவிட வேகமா ஒரு கை வரவே வராதுன்னு ஒரு எல்லைக்கோடு போட்டு வெச்சிருக்கோம். இந்தம்மா அதைத் தாண்டிப் போயிருக்காங்க.”

“கோடு போட்டவங்க தையல் மெஷினையே பாத்ததில்லை போல.”

“எங்கம்மா பீடி சுத்துவாங்க மேடம்,” என்றார் அவர். “எனக்கே தோணலை பாருங்க. தப்பு இன்னொண்ணும் இருக்கு. எங்க கார்டு சராசரிக் கையில ஆரம்பிச்சு மேல ஏறத்தான் பழகியிருக்கு. மேல ஆரம்பிச்சா இறங்கி வரத் தெரியலை. தலைகீழாப் போட்டிருக்கணும். உச்சத்துல இருக்கற ஒரு கையை முதல்லயே சொல்லிக்கொடுத்து அனுப்பிட்டா, யார் வந்தாலும் அவங்க வேகத்துக்கு இறங்கிக்கலாம். அப்புறம் முட்டி நிக்கவே நிக்காது. ஆனா அந்த உச்சக் கை ஒரே சீரா இருக்கணும். அதுதான் எங்களுக்குக் கிடைக்கலை.”

மைனாவதி பெங்களூர் போக முதலில் சம்மதிக்கவில்லை. “நான் தொட்டு ஆரம்பிச்சது கெட்டுப்போச்சுன்னு ஒரு தடவை கேட்டது போதுமுங்க” என்றார். போனில் மெஹருன்னிசாதான் பேசிப் பேசிக் கரைத்தார். கடைசியில், தன் லைனில் தைக்கிற பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றார் மைனாவதி. “நான் மட்டும்தான் வேகம்னு நெனச்சுட்டீங்களா? கலைச்செல்வி காலர் வெக்கறதைப் பாத்திருக்கீங்களா?” பன்னிரண்டு பேரும் விரலில் சென்சார் மாட்டிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தார்கள். எல்லார் கைக்கும் ஒப்பந்தம் போட்டுத்தான் வாங்கினார்கள். அதை நான் வரிவரியாகப் படித்துப் பார்த்தபிறகுதான் கையெழுத்துப் போடவிட்டேன். கலைச்செல்வி வேகத்தில் முந்தினார். ஆனால் காலையிலும் மாலையிலும் ஒரே கோடாக இருந்தது மைனாவதியின் கை மட்டும்தான்.

யுகேந்திரனுக்கு அந்த வருஷக் கடைசியில் டீமில் இடம் கிடைத்தது. ஒருவனுக்கு வெளிநாட்டுப் படிப்பு அமைந்துவிட்டது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு குறி பழகுகிறான். தன் கார்டு பதினெட்டு நிமிஷம் தாங்கியது இப்போது அறுபது ஆகிவிட்டது என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போவான்.

போன மாதம் ருக்மணியே எனக்குப் போன் பண்ணினார். அவர் மகள் பனியன் டிசைன் போடுகிறாள், அவளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறது, வந்து மாட்டிக் கொடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை வேலைக்காக மட்டும்தான். பெட்டியைப் பிரித்தேன். புது வரிசைக் கார்டு.

ஹாலில் வாழைப்பழம், வெற்றிலை, கேசரி என்று தடபுடல் பண்ணியிருந்தார்கள். ஸ்கிரீனுக்குப் பொட்டு வைத்திருந்தது. மைனாவதி சோபாவில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் பெங்களூர் போய்வந்தது ருக்மணிக்குத் தெரியும். ஏதோ கையைப் படம் பிடித்தார்கள் என்கிற அளவுக்குத்தான் தெரியும். பட்டனை அமுத்துவதற்கென்று எதிர்வீட்டு ஜெயந்தியைக் கூப்பிட்டு வைத்திருந்தார். கற்பூரத்தை ஏற்றிச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார். “போன தடவை யுகி ஊட்டுல ஆன மாதிரி ஆகக்கூடாது பாருங்க. அதுக்குத்தான் சுமங்கலியாப் பாத்து மொதல்ல தொடச் சொல்றது.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மைனாவதி பேசிவிட்டார். குரல் உயரவில்லை, கோபமும் இல்லை.

“யாரு வேணா அமுத்தட்டும் நங்கை. அதுக்குள்ள மொதல்ல ஒக்காந்தது நாந்தான். அந்தக் கார்டுக்கெல்லாம் என்ற கையைத்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பறாங்க. எந்த ஊட்டுல புதுசு போட்டாலும் மொதக்கை நாந்தான்.”

கற்பூரத் தட்டு அந்தரத்தில் நின்றது. ருக்மணி என்னைப் பார்த்தார். “ஆமாங்க,” என்றேன். “வேண்டாம்னா கழட்டிடலாம். ஆனா கடையில இப்ப இந்த ரகம் மட்டும்தான் வருது.”

“அம்மா, கற்பூரம் அணையப் போகுது,” என்றாள் மகள்.

ருக்மணி கம்ப்யூட்டரைப் பார்த்தார், மைனாவதியைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். “சரி, அமுத்து ஜெயந்தி,” என்றார். “அவ ஏற்கெனவே ஆரம்பிச்சுப்போட்டாளாமா.” ஜெயந்தி அமுத்தினார், ஸ்கிரீன் பளிச்சென்று வந்தது. ருக்மணி கற்பூரத் தட்டோடு நேராகச் சோபாவுக்குப் போய், மற்ற எல்லாருக்கும் முன்னால் மைனாவதியிடம் நீட்டினார். மைனாவதி கேசரி பட்ட விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே கற்பூரத்தை ஒத்திக்கொண்டார்.